வீட்டுக்காரம்மா

கட்டட வேலைக்கு வந்த ஆட்கள்தான் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு அவளைக் கடந்து போகும்போது, "என்ன வீட்டுக்காரம்மா, வாடகை எவ்வளவு சொல்றீங்க?" என்று யாராவது ஒருவன் கேட்பான். அவளும் விடமாட்டாள். "உன் மூஞ்சிக்கெல்லாம் வீடு குடுக்கறதில்ல, போ" என்பாள்.

அவள் பார்த்துக்கொண்ட வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை. குடியிருக்கவும் முடியாது. பதினான்கு மாடிக் குடியிருப்பு வரப்போகிற மனையில், தகர வேலிக்குள், வாசலை ஒட்டி முதலில் எழுப்பியிருந்த மாதிரி வீடு அது. வாங்க வருகிறவர்கள் பார்த்து ஆசைப்பட வேண்டும் என்பதற்காகக் கட்டியது. ஒரு கூடம், இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை. அந்த வீட்டுக் குடும்பம் இப்போதுதான் கடைத்தெருவுக்குக் கிளம்பிப் போயிருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்ற வேண்டும். அதுதான் அவள் வேலை. நாற்காலி முதுகில் ஒரு துண்டைப் போடுவாள். மேசையில் பாதி படித்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் ஒரு மூக்குக் கண்ணாடியை வைப்பாள். யாராவது வரும் நேரம் பார்த்து, மின்சார அடுப்பில் கொஞ்சம் காப்பித் தூளைச் சூடாக்கி வாசனை கிளப்பிவிடுவாள். காப்பி போட முடியாது. குழாயில் தண்ணீர் வராது.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் விற்பனைக்காரன். எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பான் என்பதால் அவன் முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவன் டைக்காரன்தான். அறைகளுக்குக் கதவு வைக்காதது அவன் யோசனை. கதவு இல்லாவிட்டால் அறை பெரிதாகத் தெரியுமாம். கட்டிலைக்கூட ஒரு முழம் குட்டையாகச் செய்யச் சொல்லி வாங்கியிருந்தான்.

ஒருமுறை ஒரு குடும்பம் வந்தபோது அவர்கள் வீட்டுக் குழந்தை யாருக்கும் தெரியாமல் கழிவறைக்குள் போய்க் காரியத்தை முடித்துவிட்டது. அதற்கு அடியில் குழாய் கிடையாது, தொட்டி கிடையாது, வெறும் மண். டைக்காரன் கூடத்தில் நின்று நவீன வசதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவள் பின்பக்கமாக வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர்கள் அன்றைக்கே முன்பணம் கட்டினார்கள். "நாத்தம் அடிச்சும் வாங்கிட்டாங்களே சார்!" என்று அவள் கேட்டபோது டைக்காரன் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

அப்போது அப்படித்தான் இருந்தது. முடிவெட்டும் கடையில், பேருந்தில், ஆஸ்பத்திரி வரிசையில் எங்கே நின்றாலும் வீட்டுப் பேச்சு. அவள் குடியிருந்த இரண்டு அறைகளுக்குக் கீழே கார் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒரு வீட்டை வாங்குவதாகப் பெயர் கொடுத்தான். அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டுவதற்கு முன்பே அதை இன்னொருவனுக்குக் கைமாற்றிவிட்டு, அந்த லாபத்தில் புது மோட்டார் சைக்கிள் வாங்கினான். கடைத்தெருவில் வங்கிக்காரர்கள் மேசை போட்டு, கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கெல்லாம் குடை கொடுத்தார்கள். மழையே இல்லாத மாதத்தில் ஊரே குடையோடு அலைந்தது.

அவளுக்கு வீடு என்றால் வேறு கணக்கு. அவள் அப்பா வாடகை பாக்கி வைத்துவிட்டு இடம் மாறுவதில் கெட்டிக்காரர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் மூட்டை கட்டியிருக்கும். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே நாத்தனார் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அவள் பாத்திரங்களைக் கழுவி அலமாரியில் அடுக்காமல் ஒரு பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா, நாளைக்கே கிளம்பப் போறியா? வாடகை வீட்டுப் புத்தி போகாது போல" என்றார் நாத்தனார். சும்மா சொன்னதுதான். ஆனால் அது அவளுக்குள் முள்ளாக ஏறி உட்கார்ந்துவிட்டது.

நாத்தனார் ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸ். அறுவைச் சிகிச்சை அறையில் டாக்டர்களே அவர் கண்ணைப் பார்த்துத்தான் கை நீட்டுவார்கள் என்று கணவன் பெருமையாகச் சொல்வான். அப்பா அம்மா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அதிலேயே கல்யாண வயது கடந்துபோனது. யாரிடமும் யோசனை கேட்டுப் பழக்கமில்லை. தம்பி பெண்டாட்டியிடம் கேட்டதே இல்லை. சாம்பார் கரண்டியை எந்தப் பக்கம் மாட்டுவது என்பதுவரை அவர் சொல்வதுதான். ஒன்றே ஒன்று. அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. இரண்டு தடவை கலைந்தது. இரண்டு தடவையும் நாத்தனார் லீவு போட்டுவிட்டு வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அதைப் பற்றி அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, ஒரு சொல் குத்தலாகச் சொன்னதில்லை.

கணவன் டைல்ஸ் பதிக்கிறவன். மாதிரி வீட்டைக் கட்டிய அதே கம்பெனி வேறொரு ஊரில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் வேலை. மாதம் ஒருமுறை வருவான், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் குரல் சரியாக இல்லை.

"சம்பளம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. மேஸ்திரியக் கேட்டா அடுத்த வாரம், அடுத்த வாரம்ங்கறான். சிமென்ட் லாரிய நேத்து வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. பழைய பாக்கி தராம இறக்க மாட்டேன்னுட்டானாம் டிரைவர். எனக்கு என்னவோ கம்பெனி உள்ள காலியா இருக்கும்னு தோணுது."

"எல்லா இடத்துலயும் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கறதுதான?"

"இது அப்படி இல்ல. நான் எத்தனை சைட்டு பாத்திருக்கேன். அக்கா வீடு வாங்கணும்னு சொல்லிட்டு இருந்துச்சே, அதுகிட்ட சொல்லிடு. இந்தக் கம்பெனி பக்கமே போக வேணாம்னு சொல்லு. நான் போன் பண்ணா அது டியூட்டில இருக்கும், எடுக்காது."

"சொல்றேன்" என்றாள்.

அந்த வாரம் மாதிரி வீட்டுக்கு யாரும் வரவில்லை. அதற்கு முந்தைய வாரம் ஒரே ஒரு வயதான தம்பதி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போனார்கள். டைக்காரன் டையைத் தளர்த்திக்கொண்டு வாசலில் நின்றான். "இந்த மாசம் ஒண்ணு ரெண்டாவது போகலன்னா இந்த வீட்டையே மூடிருவாங்கம்மா. உனக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது" என்றான்.  கணவனுக்குச் சம்பளம் இல்லை. இதுவும் போனால்?

சனிக்கிழமை நாத்தனார் வந்தார்.

சொல்லாமல் வந்தார். டியூட்டி முடிந்து, கைப்பையோடு, வெள்ளைச் செருப்போடு நேராக வந்து நின்றார். ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். தூசி இல்லை. சமையலறைக் குழாயைத் திருகினார்.

"தண்ணி வரலையே."

"இது மாதிரி வீடுதான அண்ணி. மேல கட்டறதுல வரும்."

டைக்காரன் விடவில்லை. நாலாவது மாடி, கிழக்குப் பார்த்த ஜன்னல், லிஃப்ட். லிஃப்ட் என்றதும் நாத்தனார் தன் முழங்காலைத் தடவிக்கொண்டதை அவள் பார்த்தாள். நாத்தனாரின் பழைய வீட்டில் கழிவறை கொல்லைப்புறத்தில், ஐந்தாறு படி இறங்க வேண்டும். சுவரெல்லாம் ஓதம். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான். அந்த வீட்டுக்கு இப்போது நல்ல விலை கேட்கிறார்கள் என்றும், அதை விற்று, ஓய்வுக்கென்று சேர்த்த பணத்தில் கொஞ்சம் போட்டால் கடன் இல்லாமல் முடியும் என்றும் சொன்னார்.

டைக்காரனுக்குப் போன் வந்தது. வெளியே போனான். நாத்தனார் கூடத்துச் சோபாவில் உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டிக் காட்டினார். "உக்காரு."

அவள் உட்கார்ந்தாள்.

"அவன் ஆயிரம் சொல்லுவான். விக்கறவன். நீ தினம் இங்கயே கிடக்கற. உனக்குத் தெரியாதது இருக்காது. எனக்கு இந்த வீடு விவகாரமெல்லாம் ஒண்ணும் புரியாது. ஆஸ்பத்திரிய விட்டா எனக்கு உலகமே தெரியாது. நீ சொல்லு. வாங்கட்டுமா?"

இத்தனை வருடத்தில் அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது. அந்த முகத்தில் அப்படி ஒரு தயக்கத்தை அவள் பார்த்ததே இல்லை. கணவன் சொன்னது தொண்டைவரை வந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டைக்காரனின் முதுகு தெரிந்தது. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. இங்கே எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது என்று நிமிர்ந்து உட்காருகிற அந்தச் சுகம். கம்பெனி காலி என்று சொல்லிவிட்டால், தான் இத்தனை நாள் துடைத்துப் பெருக்கிப் பெருமைப்பட்ட இடம் ஒரு தகரக் கொட்டகை என்று ஆகிவிடும். நாத்தனார் எழுந்து போய்விடுவார். மறுபடி கரண்டி எந்தப் பக்கம் மாட்ட வேண்டும் என்று சொல்ல ஆரம்பிப்பார்.

"நல்ல கம்பெனி அண்ணி. தைரியமா வாங்குங்க" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நானே இங்கதான இருக்கேன். உங்களுக்குத் தப்பா சொல்வேனா?" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

நாத்தனார் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

முன்பணம் அன்றைக்கே கொடுத்தாயிற்று. மிச்சத்தைப் பழைய வீடு விற்றதும் கட்டுவதாகப் பேச்சு. வீடு கைமாற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் எத்தனையோ தடவை அவள் வாயைத் திறந்திருக்கலாம். மனையில் பள்ளம் தோண்டுகிற பெரிய எந்திரத்தை, வாடகை வரவில்லை என்று சொந்தக்காரன் ஒருநாள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். அவள் வாசலில் நின்று பார்த்தாள். "வீட்டுக்காரம்மா" என்று கூப்பிட்ட ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். எந்திரம் போன அன்று மாலை நாத்தனார் போன் செய்து, "வேலை நடக்குதா?" என்று கேட்டபோது, "ஜோரா நடக்குது அண்ணி" என்றாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைத்தாள். அந்த இரண்டாவதை அவள் நிஜமாகவே நம்பினாள். நம்பாமல் இருந்தால் தூக்கம் வராது.

பழைய வீடு விற்றது. முழுப் பணமும் கட்டியாயிற்று. நாத்தனார் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்றுக்குக் குடிபோனார். "கொஞ்ச நாளைக்குத்தான" என்றார். பாத்திரங்களை அலமாரியில் எடுத்து வைக்காமல் பெட்டியிலேயே விட்டுவிட்டுத் தானே சிரித்தார். "உன் புத்தி எனக்கும் வந்துடுச்சு பாரு."

பஸ் காசு இல்லாமல் இரண்டு மாதமாகக் கணவன் ஊருக்கு வரவில்லை, போனில் அவளும் சொல்லவில்லை. அடுத்த தடவை வந்தபோதுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறினான்.

"நான் சொன்னத அக்காகிட்ட சொன்னியா இல்லையா?"

அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தாள்.

"சொன்னேங்க. படிச்சுப் படிச்சு சொன்னேன். கேக்கல. உங்க அக்கா என்னைக்கு யார் பேச்ச கேட்டிருக்காங்க?"

அவன் நம்பினான். நம்பாமல் இருக்க அதில் ஒன்றுமில்லை. அவனுக்குத் தெரிந்த அக்கா அப்படிப்பட்டவர்தான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பணத்தைக் கட்டின பிறகு இனிமே சொல்லி என்ன ஆகப் போகுது. மனசுதான் கெட்டுப்போகும். நாம வாயத் திறக்க வேணாம்" என்றான். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

எல்லாம் நொறுங்கியது ஒரு திங்கட்கிழமை. கீழே பட்டறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் கையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டிருந்தான். நாட்டிலேயே பெரிய வங்கிகளில் ஒன்று அன்று காலை கதவைத் திறக்கவில்லை. கதவுக்கு முன்னால் கூட்டம். மறுநாள் இன்னொரு வங்கி. அதற்கப்புறம் செய்தி வாசிக்கிற பெண் படிக்கப் படிக்க, கம்பெனிகளின் பெயர்கள் திரையின் அடியில் ஓடிக்கொண்டே இருந்தன. வட்டியை நம்பி வாழ்ந்தவர்கள், கடனை நம்பிக் கட்டியவர்கள், கட்டுகிறவர்களை நம்பி வாங்கியவர்கள் என்று ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். மெக்கானிக் மறுபடியும் இரண்டு வீடு பிடித்து வைத்திருந்தான். இந்த முறை கைமாற்ற ஆள் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிளோடு பட்டறையும் போயிற்று.

அவள் வேலைக்குப் போனபோது தகர வாசலில் சங்கிலி தொங்கியது. வெளியே நடைபாதை விளிம்பில் டைக்காரன் உட்கார்ந்திருந்தான். டை இல்லை. டை இல்லாமல் அவன் யாரோ ஒரு சின்னப் பையன் மாதிரித் தெரிந்தான். முன்பணம் கட்டியவர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். ஒருவர் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அவன் தடுக்கவில்லை.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் அவளைப் பார்த்து, "நான் பொய் சொல்லலம்மா. என் பொண்டாட்டி பேர்ல ஒண்ணு, மாமியார் பேர்ல ஒண்ணு வாங்கியிருக்கேன். பொய்னு தெரிஞ்சா வாங்குவேனா?" என்றான்.

அவனுக்குச் சொல்லிக்கொள்ள அந்த ஒரு வார்த்தையாவது இருந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

நாத்தனார் தகவல் கேட்டு அழவில்லை. ஓய்வுக்கென்று சேர்த்ததில் மிச்சமிருந்த பணமும் விழுந்த வங்கிகளில் ஒன்றில்தான் இருந்தது. ஓய்வு பெறும் நாளும் வந்துவிட்டது. ஒற்றை அறை வாடகையைச் சில மாதம் இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரு மாலை இரண்டு பெட்டிகளோடு பட்டறைப் படிக்கட்டின் கீழே வந்து நின்றார். படி ஏற முடியவில்லை. அவளும் கணவனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி மேலே கொண்டுவந்தார்கள்.

கணவனுக்கும் வேலை போயிருந்தது. வீட்டில் மூன்று பேர், வேலை ஒருவருக்கும் இல்லை. அவள் வீடு வீடாகப் போய்த் துடைக்கும் வேலை தேடினாள். அவன் கூலிக்கு மூட்டை தூக்கினான். டைல்ஸ் பதித்த கை அது, மூட்டை தூக்கி வீங்கியது. ஒரு நாள் அந்த வீக்கத்துக்கு நாத்தனார் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது, "இப்படியா இறுக்கறது?" என்று அவன் எரிந்து விழுந்தான். நாத்தனார் ஒன்றும் சொல்லாமல் துணியைத் தளர்த்தினார். அந்த மௌனம்தான் அவனைக் கிளப்பிவிட்டது போலிருக்கிறது.

"எல்லாம் உன் பிடிவாதம்தான் அக்கா. இவ அப்பவே வந்து சொன்னாளே, அந்தக் கம்பெனி தேறாது, வாங்காதீங்கன்னு. கேட்டியா நீ? ஒரு தடவையாவது அடுத்தவங்க சொன்னதக் கேட்டிருந்தா அந்த ஓட்டை வீடாவது நமக்கு இருந்திருக்கும் இல்ல?"

அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். கையில் இருந்தது என்ன என்றுகூட அவளுக்குப் பிறகு நினைவில்லை.

நாத்தனார் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். காயத்தைத் திறந்து, எவ்வளவு ஆழம் என்று பார்க்கிற பார்வை. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். கீழே தெருவில் ஏதோ வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. நாத்தனார் மறுபடி தம்பியின் கையில் குனிந்து துணியைச் சுற்றினார்.

"ஆமாம்ப்பா. சொன்னா. நான்தான் கேக்கல" என்றார்.

மறுநாள் கணவன் வெளியே போனதும் அவள் நாத்தனார் காலடியில் போய் உட்கார்ந்தாள்.  "அண்ணி" என்று மட்டும் வந்தது.

நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? உண்மைய சொன்னா அவன் உன்ன வெளிய அனுப்புவான். இல்ல, தான் வெளிய போவான். அவனுக்கு வேலையும் போச்சு, கையும் போச்சு. மிச்சம் இருக்கறது நீ ஒருத்தி. அதையும் நான் பிடுங்கிக்கணுமா?" அடுத்த துணியை எடுத்தார். "அப்புறம் நான் எங்க போவேன்? எனக்கு இருக்கறதும் இந்த ரெண்டு ரூம்தான்."

அவள் அழ ஆரம்பித்தாள். நாத்தனாரின் காலைத் தொட்டாள். நாத்தனார் மெதுவாகக் காலை இழுத்துக்கொண்டார்.

"அழு, வேணாம்னு சொல்லல. ஆனா நான் உன்ன மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுக்காத. அது வேற விஷயம். அது என்னால ஆகாது." மடித்த துணியை அவளிடம் நீட்டினார். "இத உள்ள வை."

அதற்குப் பிறகு அவர் அதைப் பேசவே இல்லை. படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒரு முதலாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்து, முழங்கால் வலியோடு தினம் படி இறங்கினார். வீட்டில் எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்வதை விட்டுவிட்டார். கரண்டியை எங்கே மாட்டினாலும் கண்டுகொள்ளவில்லை. எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்மா" என்பார். அவள் ஒருநாள் வேண்டுமென்றே உப்பில்லாமல் சமைத்தாள். அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

காலம் கொஞ்சம் சீரானது. கணவனுக்கு மறுபடி அங்கங்கே டைல்ஸ் வேலை வந்தது. கோபம் ஆறி, அந்தப் பழைய கதை அவனுக்கு வேடிக்கையாக மாறியது. யார் வந்தாலும் சொல்ல ஆரம்பித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு வேலை செய்கிற கொத்தனார் ஒருவர் சாப்பிட வந்திருந்தார். அவரும் கணவனும் நாத்தனாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அவள் பரிமாறினாள்.

"எங்க அக்கா கதை தெரியுமா உங்களுக்கு?" என்று கணவன் தொடங்கினான். "என் பொண்டாட்டி அந்தக் கம்பெனிலயே வேலை பாத்தவ. படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கா, வாங்காதீங்கன்னு. இது கேட்டாதான? பெரிய நர்ஸ் இல்ல! கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்துச்சு." அவன் சிரித்தான். பாசமாகத்தான் சிரித்தான். "என்னக்கா, சரிதான?"

"ஆமாம்ப்பா" என்றார் நாத்தனார், தட்டைப் பார்த்தபடி.

கொத்தனார் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பரவால்லையேம்மா. நாங்கல்லாம் அந்த நேரத்துல கண்ண மூடிக்கிட்டு விழுந்தோம். உங்களுக்கு மட்டும் அப்பவே தெரிஞ்சிருக்கு. நெஜமாவே சொன்னீங்களா?"

நாத்தனார் சாப்பிடுவதை நிறுத்தினார். தலையைத் தூக்கி, மற்றவர்களைப் போலவே, பதிலுக்காக அவள் முகத்தைப் பார்த்தார்.

"சொன்னேன்" என்றாள் அவள்.

நாத்தனார் குனிந்து, அடுத்த கவளத்தைப் பிசைந்தார்.